துயரத்துக்குக் கால அட்டவணை உண்டா?

உத்திரமேரூர் என்றதும் உங்களுக்குக் குடவோலைதான் நினைவுக்கு வரும். அவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் ஊர்ச் சபைக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த முறையைக் கூறுகின்றன. தேர்வில் அடிக்கடி வரும் கேள்வி என்பதால் எந்த மாணவரும் இதை மறப்பதில்லை.

தேர்வில் வராத ஒரு சொல்லும் சோழர் காலக் கல்வெட்டுகளில் உண்டு. 'சாவா மூவாப் பேராடு' என்பது அது. சாகாத, மூப்படையாத ஆடு! இப்படி ஓர் ஆடு உலகில் உண்டா? உண்டு, கணக்கில். கோயிலில் அணையாமல் எரியும் நந்தா விளக்குக்கு நெய் வேண்டும். அதற்காக ஒருவர் 90 அல்லது 96 ஆடுகளைத் தானம் செய்வார். ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடுகள் சாகும், குட்டிகளும் பிறக்கும். செத்ததற்கு ஈடாகப் பிறந்ததைச் சேர்த்துக்கொண்டால் மந்தையின் எண்ணிக்கை குறையாது. எனவே மந்தைக்குச் சாவு இல்லை. மக்கள்தொகை இயலில் இன்று நாம் படிக்கும் பிறப்பு விகிதம், இறப்பு விகிதம் என்னும் கருத்துகள் அந்த ஒரு தொடருக்குள் அடங்கியிருப்பதைப் பாருங்கள்.

ஆட்டுக்கு ஆடு ஈடு. மனிதருக்கு? அதே பராந்தகன், தன் தந்தை முதலாம் ஆதித்தன் மறைந்த பின், காளத்திக்கு அருகே உள்ள தொண்டைமானாட்டில் அவன் நினைவாக ஒரு கோயில் எழுப்பினான். இத்தகைய கோயிலுக்குப் பள்ளிப்படை என்று பெயர். அரியணையில் அடுத்தவன் அமர்ந்துவிட்டான். அரசு என்னும் மந்தைக்குக் குறைவில்லை. இருந்தும் இறந்தவனுக்கென்று ஓர் இடம் தேவைப்பட்டது. ஏன்?

இந்த 'ஏன்' என்னும் கேள்வியை ஆராய்வதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. இறப்பு, இறக்கும் தறுவாயில் உள்ளவரின் நிலை, பின்தங்கியவர்களின் துயரம் ஆகியவற்றை ஆராயும் இத்துறையைத் தமிழில் இறப்பியல் எனலாம். ஆங்கிலத்தில் தேனடாலஜி. தேனடோஸ் என்பது கிரேக்க மொழியில் சாவைக் குறிக்கும் சொல். 1903ஆம் ஆண்டில் இப்பெயரை வழங்கியவர் அன்றைய ரஷ்யப் பேரரசில் பிறந்து பாரிஸில் பணியாற்றிய எலி மெச்னிக்காஃப். நம் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்கும் விந்தையைக் கண்டறிந்து, 1908இல் நோபல் பரிசு பெற்றாரே, அவரேதான்.

'சாவைப் பற்றி என்ன ஆராய்ச்சி? அபசகுனமாக!' என்று உங்கள் பாட்டி சொல்லக்கூடும். ஆனால் இந்த ஆராய்ச்சிக்கான பொருள் பாட்டியிடம்தான் மிகுதியாக இருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம். முதலில் சற்றுத் தொலைவு நடந்து, வயல்வெளிக்குப் போவோம்.

இரண்டு முறை நடந்த அடக்கம்

உத்திரமேரூருக்குத் தென்கிழக்கே மதுராந்தகம். அதற்கு அருகில் சாணூர் என்னும் சிற்றூர். முன்பு ஒரே செங்கல்பட்டு மாவட்டமாகவும், பின்னர் காஞ்சிபுரம் மாவட்டமாகவும் இருந்த இப்பகுதி முழுவதும் பெருங்கற்காலச் சின்னங்கள் சிதறிக் கிடக்கின்றன. (2019இல் மாவட்டம் பிரிந்தபின் சாணூர் செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது.) மேட்டு நிலத்தில் பெரிய கற்கள் வட்டமாக நிற்கும், நடுவில் சரளைக் கல் குவியல். ஆடு மேய்ப்பவர்கள் அதன்மேல் உட்கார்ந்து இளைப்பாறுவார்கள். உண்மையில் அவை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கல்லறைகள்.

1950, 1952 ஆகிய ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறையினர் சாணூரில் அகழ்ந்தார்கள். என்.ஆர். பானர்ஜி, கே.வி. சௌந்தரராஜன் ஆகிய இருவரும் எழுதிய அறிக்கை 1959இல் வெளியாயிற்று. கல்வட்டங்களுக்கு அடியில் கருப்பு-சிவப்பு மட்கலங்கள், இரும்புக் கருவிகள், வரிசையாகக் கால்கள் வைத்துச் சுட்ட மண் தொட்டிகள் முதலியன கிடைத்தன. அந்தத் தொட்டிகளை ஈமப்பேழை என்பர். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குச் சென்றால் இத்தகைய பேழைகளை நேரில் காணலாம். குளிக்கும் தொட்டிக்குப் பல கால்கள் முளைத்ததுபோல் இருக்கும்.

வியப்பு பேழையில் இல்லை; அதனுள் இருந்த எலும்புகளில் இருக்கிறது. இத்தகைய கல்லறைகளில் முழு எலும்புக்கூடு கிடைப்பது அரிது. சில எலும்புகள் மட்டும், அவையும் ஒன்றோடொன்று பொருந்தாமல், கலைந்து கிடக்கும். இதிலிருந்து ஓர் ஆய்வாளர் என்ன அறியலாம்?

உங்கள் கையைப் பாருங்கள். மணிக்கட்டில் மட்டும் எட்டுச் சிறு எலும்புகள் உள்ளன. தசைநாரும் தோலும் இருக்கும்வரைதான் அவை வரிசை மாறாமல் இருக்கும். இறந்த உடலை அப்படியே புதைத்தால், சதை மட்கிய பின்னும் எலும்புகள் ஏறத்தாழ அதே வரிசையில், அதே இடத்தில் கிடக்கும். மாறாக, சதை அழிந்த பிறகு எலும்புகளைப் பொறுக்கி எடுத்து வேறிடத்தில் வைத்தால் என்ன ஆகும்? வரிசை குலையும். பெரிய தொடை எலும்பும் மண்டையோடும் வந்து சேரும். சிறு எலும்புகள் விட்டுப்போகும். எனவே கலைந்து கிடக்கும் குறைந்த எலும்புகள் ஒரு செய்தியைச் சொல்கின்றன: அடக்கம் இரண்டு முறை நடந்திருக்கிறது. முதலில் உடலை எங்கோ கிடத்தியோ புதைத்தோ வைத்தார்கள். காத்திருந்தார்கள். பின்பு எலும்புகளை எடுத்து வந்து, பேழையில் இட்டு, கற்களைச் சுமந்து வந்து வட்டமாக நட்டார்கள். இதை இரண்டாம்நிலை அடக்கம் என்பர்.

எல்லாரும் இப்படியே செய்தார்கள் என்று எண்ண வேண்டாம். மணிமேகலைக் காப்பியம், நகரத்துச் சுடுகாட்டை விவரிக்கும்போது ஐந்து வகை முறைகளைக் குறிப்பிடுகிறது. எரிப்பது, அப்படியே விட்டுவிடுவது, குழி தோண்டிப் புதைப்பது, தாழ்ந்த அறையில் வைத்து அடைப்பது, தாழியால் கவிப்பது ஆகியவை அவை. ஒரே ஊரில் ஐந்து வழக்கம்!

இறந்தவரை ஒரே நாளில் அடக்கம் செய்துவிட்டால் வேலை முடிந்துவிடுமே! ஏன் மாதக்கணக்கில், ஒருவேளை ஆண்டுக்கணக்கில், காத்திருக்க வேண்டும்? சாணூர் மக்கள் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. ஆனால் 1907ஆம் ஆண்டில் ராபர்ட் ஹெர்ட்ஸ் என்னும் இளம் பிரெஞ்சு ஆய்வாளர் இதே கேள்வியை எழுப்பினார். போர்னியோத் தீவில் வாழும் தயாக் மக்கள், உடலை முதலில் தற்காலிகமாக ஓரிடத்தில் வைத்திருந்து, நெடுநாள் கழித்து எலும்புகளை எடுத்து, ஊர் கூடி விழா எடுப்பது வழக்கம். பயணிகளும் பாதிரிமார்களும் எழுதியிருந்த குறிப்புகளைக் கொண்டு, போர்னியோவுக்குப் போகாமலேயே, ஹெர்ட்ஸ் ஒரு முடிவுக்கு வந்தார். உடலுக்குச் சாவு ஒரு நொடியில் நேரலாம். சுற்றத்தாருக்கு அது ஒரு நொடியில் நேர்வதில்லை. இருந்தவர் இல்லாதவராக மாறுவதை மனம் ஏற்பதற்குக் காலம் பிடிக்கிறது. அந்தக் காலத்தையே சடங்கு அளந்து கொடுக்கிறது என்றார் அவர். இந்தக் கருத்தை மேலும் வளர்க்க அவருக்கு வாய்ப்பில்லை. முதல் உலகப் போரில், 1915இல், 33 வயதில் அவர் போர்முனையில் மாண்டார்.

நம் ஊர்க் கணக்கு

இப்போது பாட்டியிடம் வருவோம். உத்திரமேரூர் வட்டத்தில் எந்தக் கிராமத்திலும், ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் என்ன நடக்கிறது? பறை ஒலிக்கிறது. உறவினர் வந்து சேர்கிறார்கள். அந்த வீட்டில் அடுப்பு எரிவதில்லை. பங்காளி வீட்டிலிருந்தோ சம்பந்தி வீட்டிலிருந்தோ சோறு வருகிறது. அடக்கம் முடிந்து மறுநாளோ மூன்றாம் நாளோ பால் தெளிப்பு. பதினாறாம் நாள் கருமாதி. சில குலங்களில் இது பதினொன்றாகவோ பதின்மூன்றாகவோ இருக்கும். பிறகு முதல் பொங்கலும் முதல் தீபாவளியும் கொண்டாட்டமின்றிப் போகும். ஆண்டு முடிவில் தலைத்திவசம். இதற்கிடையே அரசாங்கத்துக்கும் ஒரு கணக்கு உண்டு: 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிய வேண்டும், கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலர் பதிவேட்டில் எழுதுவார். ஆக, நம் சாவும் ஒரே நாளில் முடிவதில்லை. எலும்பைப் பொறுக்கிப் பேழையில் இடுவதில்லையே தவிர, ஹெர்ட்ஸ் சொன்ன படிப்படியான விலகல் இங்கும் இருக்கிறது.

சாவு வீட்டில் பெண்கள் பாடும் ஒப்பாரியைக் கேட்டிருப்பீர்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு பாடுவார்கள். இதை நேரில் கேட்டு ஆராய்ந்தவர் இசபெல் கிளார்க்-டெசே என்னும் மானிடவியல் அறிஞர். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். வடதமிழகக் கிராமங்களில் தங்கி அவர் செய்த ஆய்வு 2005இல் நூலாக வந்தது. 'இறந்தவருக்காக யாரும் அழுவதில்லை' என்பது அதன் தலைப்பின் பொருள். என்ன கொடுமை என்று தோன்றுகிறதா? பொறுங்கள். இவ்வளவு உருக்கமாகப் பாடுகிறீர்களே என்று கேட்டபோது, தங்கள் சொந்தத் துன்பத்துக்காகவே அழுகிறோம் என்று பெண்கள் அவரிடம் கூறினார்களாம். சிறு வயதில் இழந்த தாய், கவனியாமல் விட்ட உடன்பிறந்தவன், புகுந்த வீட்டில் பட்ட பாடு எல்லாம் அந்தப் பாட்டில் வருகின்றன. வேறு எந்த இடத்தில் வாய்விட்டுச் சொன்னாலும் குடும்பத்தில் சண்டை வரும். சாவு வீட்டில் மட்டும் யாரும் தடுப்பதில்லை.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். ஒப்பாரி இடைவிடாமல் ஓடுவதில்லை. வெளியூர் உறவினர் வந்து தெருமுனையில் இறங்கியதும் அழுகை பொங்கி எழும். சற்று நேரத்தில் தணியும். தேநீர் வரும். வெற்றிலை மடிப்பார்கள், பேத்தியின் படிப்பைப் பற்றிப் பேசுவார்கள், சில வேளை சிரிப்பும் கேட்கும். அடுத்த பேருந்தில் அடுத்த கூட்டம் இறங்கும். அழுகை மீண்டும் பொங்கும். 'இதெல்லாம் நடிப்பு' என்று படித்தவர்கள் சிலர் முகம் சுளிப்பதுண்டு. அவர்கள் எரிக் லிண்டமனைப் படித்ததில்லை போலும்.

இருபது நிமிட அலை

1942ஆம் ஆண்டு நவம்பர் 28 அன்று இரவு, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கோகனட் குரோவ் என்னும் கேளிக்கை விடுதி தீப்பற்றி எரிந்தது. 492 பேர் மாண்டார்கள். தப்பியவர்களையும் உறவினரை இழந்தவர்களையும் மருத்துவமனையில் கவனித்தவர் லிண்டமன் என்னும் மனநோய் மருத்துவர். இவர்களோடு வேறு வகையில் உறவினரை இழந்தவர்களையும் சேர்த்து, 101 பேரைப் பற்றி 1944இல் ஒரு கட்டுரை எழுதினார். துயரத்தை ஒரு மருத்துவர் கண்ணால் கண்டபடி வரிசையாகக் குறித்துவைத்த முதற்சில ஆய்வுகளுள் இது ஒன்று.

அவர் குறித்தவை என்ன? தொண்டை அடைத்துக்கொள்கிறது. மூச்சுத் திணறிப் பெருமூச்சு வருகிறது. வயிறு வெறுமையாகிவிட்டது போன்ற உணர்ச்சி. கைகால்களில் வலுவில்லை. இவை நாள் முழுதும் நீடிப்பதில்லை. இருபது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை அலையாக எழுந்து தணிகின்றன. இறந்தவரின் பெயரைக் கேட்டாலோ, யாரேனும் வந்து துக்கம் விசாரித்தாலோ மீண்டும் எழுகின்றன. தொண்டை அடைக்கிறது, வயிறு எரிகிறது, நெஞ்சு அடைக்கிறது என்று நம் பெண்கள் சொல்வது வெறும் வழக்குச் சொல் அல்ல. உடலில் நடப்பதை உள்ளபடி சொல்வது. வேறொன்றையும் லிண்டமன் கண்டார். பலர் தம்மையே குற்றம் சாட்டிக்கொண்டார்கள். 'நான் அன்றைக்குக் கோபப்படாமல் இருந்திருந்தால்', 'முன்பே மருத்துவரிடம் காட்டியிருந்தால்' என்று. குற்றம் ஏதும் செய்யாதவர்களுக்கும் இந்த எண்ணம் வருகிறது.

துயரம் இதயத்தையும் விட்டுவைப்பதில்லை. 1990ஆம் ஆண்டில் ஜப்பானிய மருத்துவர்கள் ஒரு விந்தையான நோயை விவரித்தார்கள். நோயாளிக்கு மாரடைப்பைப் போலவே நெஞ்சுவலி. ஆனால் இதயத்தின் இரத்தக் குழாயில் அடைப்பே இல்லை! இதயத்தின் இடது கீழறை மட்டும் அடிப்பக்கம் உப்பி, கழுத்து குறுகி, ஒரு சட்டியைப் போல் ஆகிவிட்டிருந்தது. நம் மீனவர்கள் பேய்க்கணவாய் என்று கூறும் ஆக்டோபஸைப் பிடிக்க ஜப்பானியர் பயன்படுத்தும் மண்சட்டிக்கு 'டகோட்சுபோ' என்று பெயர். அதையே நோய்க்கும் வைத்தார்கள். பேரதிர்ச்சி நேரும்போது அட்ரினலின் போன்ற சுரப்புகள் பெருகுவது இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. நடுவயது கடந்த பெண்களுக்கே இது மிகுதியாக வருகிறது. பெரும்பாலோர் சில வாரங்களில் குணமடைகிறார்கள். உண்மையான மாரடைப்பும் வரக்கூடும். அமெரிக்காவில் மாரடைப்பு வந்து பிழைத்த ஏறத்தாழ 2000 பேரை விசாரித்து 2012இல் வெளியான ஆய்வின்படி, நெருங்கியவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு நேரும் வாய்ப்பு வழக்கத்தைவிட 21 மடங்கு. பின்னர் நாளுக்கு நாள் குறைகிறது. மற்ற நாட்களில் அந்த வாய்ப்பு மிகச் சிறியது என்பதால், 21 மடங்கு என்றாலும் பெரும்பாலோருக்கு ஒன்றும் நேர்வதில்லை. ஆயினும் சாவு வீட்டில் தூக்கமில்லை, சாப்பாடு இல்லை, இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் சாப்பிடும் மாத்திரை யாருக்கும் நினைவில்லை. வீட்டில் பெரியவர் இருந்தால், மாத்திரையையும் ஒரு டம்ளர் கஞ்சியையும் கையில் கொண்டுபோய்க் கொடுப்பது உங்களைப் போன்ற இளைஞர்கள் செய்யக்கூடிய வேலை. அடுத்த வீட்டார் சோறு கொண்டுவரும் வழக்கத்தின் அருமை இப்போது விளங்குகிறதல்லவா?

ஐந்து படிகளின் கதை

இனித் தலைப்புக்கு வருவோம். துயரத்துக்கு ஐந்து படிகள் உண்டு என்று நீங்கள் எங்கேனும் படித்திருக்கலாம். முதலில் மறுப்பு, அடுத்துக் கோபம், பிறகு பேரம், பின்னர் மனச்சோர்வு, கடைசியில் ஏற்பு. பள்ளிக்கூட மணி அடிப்பதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக வருமாம். திரைப்படத்திலும் செய்தித்தாளிலும் இது அடிபடுகிறது.

இதன் வரலாறு வேடிக்கையானது. எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்னும் பெண் மருத்துவர், சிக்காகோ நகர மருத்துவமனையில் சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளோடு உட்கார்ந்து பேசினார். அக்காலத்து மருத்துவர்கள் அப்படிப்பட்ட நோயாளியிடம் உண்மையைச் சொல்லவே தயங்கினார்கள். அவர் செய்தது துணிச்சலான பணி, அதை மறுப்பதற்கில்லை. 1969இல் வந்த அவருடைய நூலில்தான் இந்த ஐந்து படிகள் உள்ளன. ஆனால் அவை யாருக்குரியவை? சாகப்போகிறவருக்குரியவை! பின்தங்கியவர்களுக்குரியவை அல்ல. மற்றவர்கள் அதை எடுத்து, உறவினரை இழந்தவர் தலையிலும் ஏற்றிவிட்டார்கள்.

அறிவியலில் ஒரு கருத்து பரவிவிட்டால் மட்டும் போதாது. சோதித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தார்கள். நோயால் உறவினரை இழந்த 233 பேரை இரண்டு ஆண்டு வரை மீண்டும் மீண்டும் விசாரித்து, 2007இல் முடிவை வெளியிட்டார்கள். முதலில் வரவேண்டிய மறுப்பு, முதலிலேயே வலுவாக இல்லை. கடைசியில் வரவேண்டிய ஏற்பு, தொடக்கத்திலிருந்தே எல்லாவற்றையும்விட மிகுதியாக இருந்தது! துன்ப உணர்ச்சிகளுள் முதலிடம் பெற்றது கோபமும் அல்ல, சோர்வும் அல்ல; ஏக்கம். 'ஒரே ஒரு முறை பார்த்தால் போதும்' என்னும் ஏக்கம். படிப்பட்டியலில் அதற்கு இடமே இல்லை. இந்த ஆய்வுக்கும் குறை உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் பெரும்பாலும் கணவரையோ மனைவியையோ இழந்த வயதானவர்கள், அமெரிக்கர்கள். சாலை விபத்தில் மகனை இழந்த சாலவாக்கத்துத் தாய்க்கு அப்படியே பொருந்தும் என்று கூற முடியாது.

ஏக்கம் மூளையில் எங்கே நிகழ்கிறது என்றும் பார்த்தார்கள். 2008இல் மேரி-பிரான்சிஸ் ஓ'கானர் என்பவரும் உடனாய்வாளர்களும், தாயையோ சகோதரியையோ மார்பகப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த 23 பெண்களுக்கு, இறந்தவரின் படத்தைக் காட்டி மூளையைப் படம்பிடித்தார்கள். வலியை உணரும் பகுதிகள் எல்லாருக்குமே விழித்தன. துயரிலிருந்து மீள முடியாமல் இருந்தவர்களுக்கு மட்டும் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்னும் சிறு பகுதியும் விழித்தது. இது விருப்பமானதை எதிர்பார்க்கும்போது இயங்கும் பகுதி. அதாவது அவர்கள் மூளை இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது.

படிகள் இல்லையென்றால் வேறு என்ன? நெதர்லாந்தின் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் ஆகிய இருவரும் 1999இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். துயரப்படுபவர் ஊசலைப்போல் இருபுறமும் போய் வருகிறார். ஒருபுறம் இழப்பு: அழுகை, நினைவு, ஏக்கம். மறுபுறம் வாழ்க்கை: வயல், மாடு, பள்ளிக் கட்டணம். காலையில் அழுதவள் பிற்பகலில் நடவுக்குப் போகிறாள். நாற்றைப் பிடித்தபடியே மீண்டும் கண் கலங்குகிறாள். இரண்டில் எது உண்மையான நிலை? இரண்டும்தான். ஒன்றிலேயே நின்றுவிடுவதுதான் கவலைக்குரியது. சாவு வீட்டில் ஒப்பாரிக்கும் தேநீருக்கும் இடையே ஆடும் ஊசலும் இதுவே.

ஃபிராய்டின் மகள்

இறந்தவரை மறந்தால்தான் துயரம் தீருமா? உளப்பகுப்பாய்வின் தந்தை சிக்மண்ட் ஃபிராய்ட் 1917இல் வெளியிட்ட கட்டுரையில் ஏறத்தாழ அப்படித்தான் எழுதினார். இறந்தவரிடம் வைத்த பற்றைச் சிறிது சிறிதாக விலக்கி, விடுபட்ட பற்றை வேறொருவர்மேல் வைப்பதே துயரத்தின் வேலை என்றார். சாவா மூவாப் பேராட்டுக் கணக்குப் போலவே இல்லையா? மூன்றே ஆண்டுகளில், 1920 ஜனவரியில், அவருடைய மகள் சோஃபி காய்ச்சலில் மாண்டாள். 1929இல், உயிரோடு இருந்தால் அவளுக்கு அன்று 36 வயது நிரம்பியிருக்கும் என்ற நாளில், தானும் மகனை இழந்திருந்த ஒரு நண்பருக்கு ஃபிராய்ட் கடிதம் எழுதினார். கடுந்துயரம் தணியும், ஆனால் ஈடு ஒருபோதும் கிடைக்காது, எது வந்து அந்த இடத்தை நிரப்பினாலும் அது வேறொன்றாகவே இருக்கும், அப்படி இருப்பதே சரி என்பது அக்கடிதத்தின் கருத்து. கட்டுரையில் எழுதியதை மகளின் சாவு திருத்திவிட்டது.

ஆனால் கட்டுரையைப் படித்த மருத்துவர்கள் கடிதத்தைப் படிக்கவில்லை. நெடுங்காலம் 'பற்றை அறு' என்றே அறிவுரை கூறிவந்தார்கள். 1996இல்தான் டென்னிஸ் கிளாஸ், ஃபில்லிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் ஆகியோர் 'தொடரும் பந்தம்' என்னும் கருத்தை ஒரு நூலாகவே கொண்டுவந்தார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகள் அவர்களோடு மனத்தில் பேசுகிறார்கள், அவர்கள் பொருளைப் பாதுகாக்கிறார்கள். இது நோய் அல்ல, இயல்பு என்றார்கள். கூடத்தில் மாலையிட்ட படம், அமாவாசைப் படையல், பேரனுக்கு வைத்த தாத்தா பெயர் ஆகியவற்றோடு வளர்ந்த நமக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை.

எவ்வளவு காலம் துயரப்பட்டால் மருத்துவரை நாட வேண்டும்? உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில், 2022 முதல் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் பதிப்பில், 'நீடித்த துயர்நோய்' சேர்க்கப்பட்டுள்ளது. கடும் ஏக்கம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்க்கையையே முடக்கிவிட வேண்டும். அத்துடன் அவர் வாழும் சமூகம், பண்பாடு, சமயம் ஆகியவற்றின் வழக்கத்தையும் மீறியதாக இருக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் பட்டியல், பெரியவர்களுக்கு ஓராண்டு என்கிறது. இரண்டு பட்டியலுக்கே ஒரே கணக்கு இல்லை, பாருங்கள்! உத்திரமேரூர்ப் பெண்ணைப் பரிசோதிக்கும் மருத்துவர், பதினாறாம் நாளையும் தலைத்திவசத்தையும் அறிந்திருந்தால்தான் எது மீறல், எது வழக்கம் என்று கூற முடியும்.

யாரும் விசாரிக்காத துக்கம்

துக்கம் கேட்க எல்லாரும் எல்லாரிடமும் போவதில்லை. கணவன் இறந்தால் மனைவியிடம் போகிறோம். மகன் இறந்தால் தாயிடம். அந்த மகனோடு ஆறு ஆண்டுகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தோழனிடம் யார் போகிறார்கள்? கென்னத் டோகா என்னும் அறிஞர் 1989இல் இதற்கு 'உரிமை மறுக்கப்பட்ட துயரம்' என்று பெயரிட்டார். சமூகம் ஒப்புக்கொள்ளாத துயரம் என்று பொருள். தற்கொலையால் நேர்ந்த சாவில் வீட்டார் வாய்திறக்க முடியாமல் தவிப்பதும், சுடுகாட்டுக்குப் போகும் பாதையை மறித்து ஒரு பகுதி மக்களின் இறுதி ஊர்வலத்தையே தடுப்பதும் இந்த வகையில் சேரும். கடைசியில் சொன்னது மனவியல் மட்டுமன்று, குற்றமும் ஆகும்.

சிறு பிள்ளைகளின் துயரமும் பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை. மரியா நாகி என்னும் ஹங்கேரிய உளவியலார், புடாபெஸ்ட் நகரில் 3 முதல் 10 வயது வரையுள்ள 378 குழந்தைகளிடம் பேசி, 1948இல் தம் ஆய்வை வெளியிட்டார். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை, சாவைத் தூக்கம் போலவோ பயணம் போலவோ எண்ணுகிறது. போனவர் திரும்புவார் என்று நம்புகிறது. சாவு மீளாதது, எல்லாருக்கும் உரியது என்பது ஒன்பது, பத்து வயதளவில்தான் தெளிவாகிறது என்று அவர் கண்டார். பின்வந்தவர்கள், பல குழந்தைகள் இதைச் சற்று முன்னதாகவே அறிந்துகொள்வதாகக் கூறுகிறார்கள். இப்போது நம் வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். 'தாத்தா தூங்குகிறார்', 'அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள்' என்கிறோம். குழந்தை அதை நம்பி, வாசலில் உட்கார்ந்திருக்கும்; சில குழந்தைகள் இரவில் தூங்கவே அஞ்சும். உங்கள் வீட்டில் தம்பியோ தங்கையோ கேட்டால், இறந்துவிட்டார், உடல் வேலை செய்வது நின்றுவிட்டது, இனி வரமாட்டார், உன் பேரில் ஒரு தவறும் இல்லை என்று எளிய சொற்களில் சொல்லலாம். கேட்டதையே பத்து முறை கேட்டாலும் அதையே சொல்லலாம்.

உங்களுக்கே தாங்க முடியாத நிலை வந்தால், 2022 முதல் இயங்கிவரும் டெலிமனாஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

செய்து பாருங்கள்

ஒரு குறிப்பேட்டில் நான்கு பத்திகள் பிரித்துக்கொள்ளுங்கள்: நாள், சடங்கு, வருபவர்கள், உணவு. உங்கள் ஊரில் மூன்று வெவ்வேறு குடும்பத்துப் பெரியவர்களிடம், சாவு நடந்த நாள் முதல் ஓராண்டு வரை எந்தெந்த நாளில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். இயலுமானால் ஓர் இஸ்லாமியக் குடும்பத்தையும் கிறித்தவக் குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணவனை இழந்த இஸ்லாமியப் பெண் நான்கு மாதம் பத்து நாள் 'இத்தா' இருப்பதையும், கத்தோலிக்கர் நவம்பர் 2 அன்று கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றுவதையும் காண்பீர்கள். அண்மையில் சாவு நேர்ந்த வீட்டுக்குக் குறிப்பேட்டோடு போகாதீர்கள். கல்வட்டங்களைக் கண்டால் எண்ணலாம், அடியளந்து விட்டம் குறிக்கலாம், படம் வரையலாம். ஒரு கல்லையும் புரட்டாதீர்கள். பல இடங்களில் அவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. எங்கேனும் அவற்றை உடைத்துச் சரளைக்கு ஏற்றுவதைக் கண்டால், உங்கள் வரலாற்று ஆசிரியரிடம் அன்றே சொல்லுங்கள்.